மூன்று கணினி, மூன்று நேரம்: இதில் எந்த எண்ணை நம்பி எழுதுவது?

தேன்சிட்டு

எல்லோருக்கும் வணக்கம். தமிழ் உரைக்கோப்புகளைப் படித்து, சொல் சொல்லாகப் பிரித்து, எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி அட்டவணையாக எழுதி வைக்கும் ஒரு கருவியை சி++ இல் எழுதி வருகிறேன். அடுத்த பதிப்போடு “எந்தத் தளத்தில் எவ்வளவு வேகம்” என்று ஒரு பக்கம் சேர்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

சோதனை இதுதான்: என்னிடம் ஒரு சொற்பட்டியல் இருக்கிறது. அதிலிருந்து ரேண்டமாக 2 கோடி சொற்களை எடுத்து ஹாஷ் அட்டவணையில் (சொல்லைக் கொடுத்தால் அதன் கணக்கை உடனே எடுத்துத் தரும் அட்டவணை) எண்ண வேண்டும், 1 லட்சம் சொல்லுக்கு ஒருமுறை அந்த லட்சத்தின் கணக்கை வட்டில் எழுதி எஃப்சிங்க் செய்ய வேண்டும் (எழுதியதை வட்டில் பதிக்கச் சொல்லும் அழைப்பு அது; நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கக் கூடாது என்பதற்காக). ரேண்டம் எண்கள் தொடங்குவதற்குக் கொடுத்த விதை எண் மூன்றிலும் ஒன்றேதான், அதனால் மூன்று கணினியும் ஒரே சொற்களைத்தான் எண்ணுகின்றன.

லினக்ஸ் டெஸ்க்டாப்பில் 4.1 நொடி. விண்டோஸ் லேப்டாப்பில் 31 நொடி. எம்1 மேக் லேப்டாப்பில் 1.9 நொடி.

“மேக்கில் இரண்டு மடங்கு வேகம், விண்டோஸில் பெரிய கோப்புகளைத் தவிர்க்கவும்” என்று எழுதிவிடலாமா? அப்புறம், இதே போல இன்னும் சில சோதனைகள் வைத்திருக்கிறேன், எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மதிப்பெண்ணாகக் கொடுக்க எந்தச் சராசரி சரி என்றும் சொல்லுங்கள்.

அளவுகோல்

கொஞ்சம் பொறுங்கள், இன்னும் வெளியிட வேண்டாம். இந்த மூன்று எண்களுக்கு நடுவில் மாறியிருப்பது இயங்குதளம் மட்டும் இல்லை. ப்ராசஸர் வேறு, கம்பைலர் வேறு, கம்பைலரோடு வரும் லைப்ரரி வேறு, வட்டு வேறு, ஃபைல் சிஸ்டம் வேறு. ஐந்தையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு வித்தியாசத்தை ஒன்றின் பெயரில் எழுதினால் அந்தப் பக்கத்தைப் படிப்பவர் தவறான முடிவுக்குத்தான் போவார்.

முதலில் 31 நொடி. சி++ இல் இப்படி ஏழெட்டு மடங்கு வித்தியாசம் வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது பில்டைத்தான், அதாவது நிரலைக் கம்பைல் செய்த விதத்தை. பில்டுக்கு சிமேக் என்ற கருவியைப் பயன்படுத்துகிறீர்களா? லினக்ஸிலும் மேக்கிலும் பில்ட் டைப்பை ரிலீஸ் என்று கான்ஃபிகர் செய்யும்போதே கொடுத்தால் போதும். விஷுவல் ஸ்டூடியோ ஜெனரேட்டருக்கு அந்த அமைப்பு ஒரு பொருட்டே இல்லை, பில்ட் செய்யும் கட்டளையில் தனியாக ரிலீஸ் என்று சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் பிழை தேடுவதற்கான மெதுவான டீபக் பில்டைத்தான் கொடுக்கும். டீபக் பில்டில் அந்த லைப்ரரி ஒவ்வொரு இட்டரேட்டரையும் (தரவில் எங்கே நிற்கிறோம் என்று சுட்டுவது) சரிபார்த்துக்கொண்டே நகரும். அதை வைத்து விண்டோஸை எடை போடக் கூடாது.

இன்னும் சில கேள்விகள். எத்தனை முறை ஓட்டினீர்கள்? லேப்டாப்புகளில் சார்ஜர் செருகியிருந்ததா, பவர் மோடு எதில் இருந்தது? நேரத்தை எந்தக் கடிகாரத்தால் அளந்தீர்கள்?

தேன்சிட்டு

சிமேக்தான். நீங்கள் சொன்னபடி பார்த்தேன், டீபக் பில்டேதான்! ரிலீஸில் போட்டதும் விண்டோஸ் 5.2 நொடிக்கு வந்துவிட்டது. அந்த வரியை வெளியிட்டிருந்தால் விண்டோஸ் வைத்திருக்கும் அத்தனை பேரையும் வீணாகப் பயமுறுத்தியிருப்பேன், மிக்க நன்றி.

ஒரே ஒரு முறைதான் ஓட்டினேன். மேக் பேட்டரியில் இருந்தது. கடிகாரம் சி++ இன் நேர லைப்ரரியான க்ரோனோவின் ஹை ரெசல்யூஷன் கிளாக், பெயரைப் பார்த்து அதுதான் துல்லியமானது என்று எடுத்தேன்.

வரிசை64

அந்தப் பெயரை நம்ப வேண்டாம் சகோ. ஹை ரெசல்யூஷன் கிளாக் என்பது தனிக் கடிகாரம் இல்லை, வேறொன்றின் மறுபெயர். லினக்ஸில் வழக்கமான ஜிசிசி கம்பைலரோடு வரும் லைப்ரரியில் அது சிஸ்டம் கிளாக். மேக்கிலும் விண்டோஸிலும் அது ஸ்டெடி கிளாக், அதாவது பின்னே போகாமல் ஓடிக்கொண்டே இருக்கும் ஓடுகடிகாரம். சிஸ்டம் கிளாக் என்பது சுவர்க்கடிகாரம் மாதிரி, இணையத்தோடு நேரம் சரிசெய்யப்படும்போது அது நடுவில் முன்னேயோ பின்னேயோ நகரலாம். இரண்டு கணினியில் ஓடுகடிகாரத்தாலும் ஒன்றில் சுவர்க்கடிகாரத்தாலும் அளந்திருக்கிறீர்கள். மூன்றிலும் ஸ்டெடி கிளாக் என்றே எழுதிவிடுங்கள். நான்கு நொடிக்கு இது பெரிய வித்தியாசம் தராது, ஆனால் மைக்ரோநொடிகளை அளக்க இறங்கினால் தெரியும். இன்டெல் மேக்கில் மாக் அப்சல்யூட் டைம் என்ற கடிகார அழைப்பு தரும் எண்ணே நானோநொடிதான், ஆப்பிளின் சொந்த சிப்பில் ஒரு எண்ணிக்கை என்பது 125/3 நானோநொடி, அதாவது கிட்டத்தட்ட 41.7. அந்த மாற்றுவிகிதத்தைக் கேட்காமல் எண்ணை நேரடியாக நானோநொடி என்று எடுத்துக்கொண்ட பழைய நிரல், புதிய மேக்கில் எல்லாமே 40 மடங்கு வேகம் என்று காட்டும்.

அதை விட முக்கியமான ஒன்று. “விதை எண் ஒன்றேதான், அதனால் ஒரே சொற்கள்” என்கிறீர்கள். அது உண்மையில்லை. எம்டி19937 என்ற ரேண்டம் எண் இயந்திரம் எந்தத் தளத்திலும் ஒரே எண்களைத்தான் தரும், இயல்பு விதையில் 10,000-ஆவது எண் 4123659995 ஆக இருக்க வேண்டும் என்று சி++ தரநிலையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த எண்ணை “0 முதல் இத்தனை வரை” என்று சுருக்கித் தரும் யூனிஃபார்ம் இன்ட் டிஸ்ட்ரிபியூஷன் எப்படிக் கணக்குப் போட வேண்டும் என்று தரநிலை சொல்லவில்லை. ஒவ்வொரு லைப்ரரியும் தன் வழியில் போடுகிறது. எனவே மூன்று கணினியும் மூன்று வெவ்வேறு சொல் வரிசைகளை எண்ணியிருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

வழி எளிது. ஒரு கணினியில் 2 கோடி சொற்களையும் ஒரு கோப்பாக எழுதி அதையே மூன்றுக்கும் நகலெடுங்கள், ஷா256 (கோப்புக்குக் கைரேகை மாதிரி) போட்டு ஒப்பிடுங்கள். கிட் வழியாக அனுப்பாதீர்கள், விண்டோஸில் வரி முடிவை அது மாற்றி வைத்தால் வரிக்கு ஒரு பைட் கூடிவிடும்.

கடைசிபிட்

கடிகாரமும் தரவும் ஒருபுறம் இருக்கட்டும், நான் எஃப்சிங்க் என்ற சொல்லைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். 1 லட்சத்துக்கு ஒன்று என்றால் மொத்தம் 200 எஃப்சிங்க். லினக்ஸில் அதை அழைத்தால், தரவை வட்டுக்கு அனுப்பி, வட்டின் உள்ளே இருக்கும் தற்காலிக நினைவகத்தையும் காலி செய்து நிரந்தரமாக எழுதச் சொல்லிக் காத்திருக்கும். விண்டோஸில் அதற்கு இணையான ஃப்ளஷ் ஃபைல் பஃபர்ஸும் வட்டுக்கு அதே கட்டளையைத்தான் அனுப்புகிறது. மேக்கில் எஃப்சிங்க் தரவை வட்டிடம் ஒப்படைத்ததோடு திரும்பிவிடும், வட்டு அதை நிரந்தரமாக எழுதியதா என்று கேட்காது. இது ரகசியம் இல்லை, அவர்கள் கையேட்டிலேயே இருக்கிறது. கேட்க வேண்டுமானால் எஃப்கன்ட்ரோல் வழியாக எஃப்_ஃபுல்எஃப்சிங்க் என்று தனியாகக் கேட்க வேண்டும். எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளத்தில் இதற்கென்றே ஒரு பிரக்மா (அமைப்புக் கட்டளை) வைத்திருக்கிறார்கள் என்றால் விஷயத்தின் கனம் புரியும்.

உங்கள் நோக்கம் கரண்ட் போனாலும் கணக்கு நிற்க வேண்டும் என்பது. அந்த நோக்கத்தை மேக் பில்டு நிறைவேற்றவே இல்லை. வேலையில் பாதியை விட்டுவிட்ட ஒருவர் முதலில் முடித்தார் என்று பரிசு கொடுக்க முடியாது இல்லையா?

நான் ஒரு வேலையிடத்தில் இதில் நன்றாக மாட்டியிருக்கிறேன். பெயர் வேண்டாம். எல்லோரும் மேக்கில் எழுதுவோம், சர்வர் லினக்ஸ். மேக்கில் ஒரு பரிவர்த்தனைக்கு ஆன நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டு சர்வரின் திறனைத் திட்டமிட்டோம், நேரடிப் பயன்பாட்டுக்கு விட்ட முதல் நாளே வரிசை நீண்டு நின்றது. சர்வர் மெதுவானது என்று இரண்டு நாள் அதன் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தோம். சர்வர் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது.

தேன்சிட்டு

மூன்றையும் செய்தேன். ஒரே கோப்பு, ஷா256 மூன்றிலும் ஒன்று. ஸ்டெடி கிளாக். மேக்கில் ஃபுல்எஃப்சிங்க். சார்ஜர் செருகி, ஒவ்வொன்றிலும் 15 முறை ஓட்டி நடு மதிப்பை எடுத்தேன். எண்ணும் நேரத்தையும் எழுதும் நேரத்தையும் பிரித்தேன்.

லினக்ஸ்: எண்ண 3.3, எழுத 0.7. விண்டோஸ்: எண்ண 3.9, எழுத 1.2. மேக்: எண்ண 1.7, எழுத 1.8.

மேக்கில் எழுதும் நேரம் முன்பு 0.2 ஆக இருந்தது! ஆனால் எண்ணும் பகுதியில் மேக் இன்னும் கிட்டத்தட்ட பாதி நேரத்தில் முடிக்கிறது. இதையாவது ப்ராசஸரின் பெருமை என்று எழுதலாம்தானே?

வரிசை64

கொஞ்சம் இருங்கள். சொற்களை எப்படி வைத்திருக்கிறீர்கள்? சி++ இன் ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடரை வைக்கும் வகை) தானே, அதுவும் ஒவ்வொரு சொல்லையும் ஒரு புது ஸ்ட்ரிங்காக ஆக்கித்தான் அட்டவணையில் தேடுகிறீர்களா?

தேன்சிட்டு

ஆமாம், சி++ இன் ஹாஷ் அட்டவணையான அன்ஆர்டர்டு மேப், சாவி ஸ்ட்ரிங். கோப்பிலிருந்து சொல்லை ஸ்ட்ரிங்காக எடுத்து அப்படியே தேடுகிறேன்.

வரிசை64

அப்படியென்றால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் தமிழ் உரையோடு வேலை செய்யும் எல்லோருக்கும் இது உதவும்.

ஸ்ட்ரிங் சின்னதாக இருந்தால் அதன் எழுத்துகளை அந்த ஸ்ட்ரிங் பொருளுக்கு உள்ளேயே வைத்துக்கொள்ளும், தனியாக மெமரி கேட்காது. எவ்வளவு சின்னது என்பதில்தான் விஷயம். ஜிசிசி-யோடு வரும் லைப்ரரியிலும் விஷுவல் ஸ்டூடியோவிலும் 15 பைட் வரை உள்ளே அடங்கும். மேக்கில் கிளாங்கோடு வரும் லைப்ரரியில் 22 பைட் வரை அடங்கும். அதைத் தாண்டினால் மல்லாக் செய்து வெளியே இடம் வாங்க வேண்டும், முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இப்போது தமிழுக்கு வாருங்கள். எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறையான யுடிஎஃப்-8 இல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். உயிர்மெய்யில் மெய் தனி, உயிர்க்குறி தனி, புள்ளியும் தனி. “தமிழ்” என்பது த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என்று 5 குறியீடு, 15 பைட். மூன்று லைப்ரரியிலும் உள்ளே அடங்கிவிடும். “வணக்கம்” 7 குறியீடு, 21 பைட். மேக்கில் உள்ளே அடங்கும், லினக்ஸிலும் விண்டோஸிலும் மல்லாக். “புத்தகம்” 8 குறியீடு, 24 பைட், மூன்றிலும் மல்லாக்.

தமிழில் 18 பைட்டும் 21 பைட்டும் மிகச் சாதாரணமான சொல் நீளங்கள். உங்கள் 2 கோடி சொற்களில் அந்த நீளத்தில் இருப்பவை ஒவ்வொன்றுக்கும் லினக்ஸில் ஒரு மெமரி வாங்கல், ஒரு திருப்பல், மேக்கில் பூஜ்யம். இதே சோதனையை ஆங்கிலச் சொற்களோடு ஓட்டியிருந்தால் இது கண்ணிலேயே பட்டிருக்காது, ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரே பைட்.

சோதித்துப் பாருங்கள்: பட்டியலை 15 பைட் சொற்கள், 18-21 பைட் சொற்கள், 24-க்கு மேல் என்று மூன்றாகப் பிரித்து தனித்தனியாக ஓட்டுங்கள். நான் சொல்வது சரியென்றால் லினக்ஸ் நேரம் 15-க்கும் 18-க்கும் நடுவில் ஒரு படி ஏறும், மேக் நேரம் 21-க்கும் 24-க்கும் நடுவில் ஏறும்.

தேன்சிட்டு

ஏறுகிறது. நீங்கள் சொன்ன இடத்திலேயே, இரண்டிலும். 15 பைட் சொற்களில் மேக்குக்கும் லினக்ஸுக்கும் வித்தியாசம் கால்வாசிகூட இல்லை. 18-21 இல் லினக்ஸும் விண்டோஸும் மேலே போகின்றன, மேக் அப்படியே தரையில் இருக்கிறது. 24-க்கு மேல் மூன்றும் ஏறி மறுபடி பக்கத்தில் வந்துவிடுகின்றன. வரைபடத்தைப் போட்டுவிட்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் “ப்ராசஸரின் பெருமை” என்று எழுதப் போனதில் பெரும்பகுதி 15-க்கும் 22-க்கும் உள்ள வித்தியாசம்.

மெய்ப்பொருள்

இழையை முழுக்கப் படித்தேன், நல்ல வேலை. ஆனால் ஒரு இடத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு வித்தியாசமாகக் கண்டுபிடித்து நீக்கிக்கொண்டே போனால் கடைசியில் எஞ்சுவது எந்தப் பயனரும் தொடாத ஒரு ஆய்வகக் கணினி. மேக் பயனர் கையில் இருப்பது அந்த 22 பைட் லைப்ரரிதான். அவருக்கு உண்மையிலேயே வேகமாக ஓடுகிறது. அதை ஏன் “உண்மையான வேகம் இல்லை” என்று ஒதுக்க வேண்டும்?

விண்டோஸுக்கும் இதே கதை வரும் பாருங்கள். யாராவது வந்து, விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரின் நேரடிச் சோதனையிலிருந்து அந்த ஃபோல்டரை விலக்கிவிட்டு அளந்தால்தான் நியாயம் என்பார்கள். பயனர் விலக்கி வைத்திருக்கிறாரா? இல்லை. ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைத் திறந்து மூடும் வேலை என்றால் அந்தச் சோதனையின் செலவை அவர் ஒவ்வொரு நாளும் கொடுக்கிறார். அதை நீக்கிவிட்டு ஒரு எண்ணைப் போட்டால் அது அவருக்குப் பொய் எண்.

அளவுகோல்

நீங்கள் சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் இங்கே இரண்டு விதமான வித்தியாசங்கள் கலந்து கிடக்கின்றன, அவற்றைப் பிரித்தாக வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

ஒன்று, வேலையே வேறாக இருப்பது. வேறு சொற்கள், டீபக் பில்ட், வட்டில் நிரந்தரமாக எழுதாத எஃப்சிங்க். இவை இருக்கும் வரை ஒப்பீடு என்ற சொல்லுக்கே இடமில்லை. கட்டாயம் சமமாக்க வேண்டும்.

இன்னொன்று, ஒரே வேலைக்கு ஒவ்வொரு தளமும் கேட்கும் விலை. ஸ்ட்ரிங்கின் 15 பைட், 22 பைட், டிஃபெண்டர், விண்டோஸில் புது ப்ராசஸ் தொடங்கும் செலவு, லினக்ஸிலேயே மஸ்ல் என்ற சி லைப்ரரியின் மல்லாக் பல த்ரெட்களில் வழக்கமான ஜிலிப்சி லைப்ரரியை விட மெதுவாக இருப்பது, இதெல்லாம் அந்த வகை. இவற்றை நீக்கக் கூடாது, நீங்கள் சொல்வது சரி. ஆனால் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்து பெயர் சொல்லி எழுத வேண்டும். ஏனென்றால் மேக்கின் வேகத்துக்குக் காரணம் ப்ராசஸர் என்று எழுதினால் தேன்சிட்டு செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. ஸ்ட்ரிங் என்று தெரிந்தால் நிரலை மாற்றி லினக்ஸ் பயனருக்கும் அதே வேகத்தைக் கொடுக்க முடியும். அளப்பதே அதற்காகத்தானே.

டிஃபெண்டரைப் பொறுத்தவரை, இருக்கும்போதும் இல்லாதபோதும் இரண்டையும் போடுங்கள். இடம் அதிகம் பிடிக்காது.

மெய்ப்பொருள்

வேலை வேறு, விலை வேறு என்று பிரிப்பதை ஏற்கிறேன். அப்படியானால் ஃபுல்எஃப்சிங்க் விஷயத்தில் என் கருத்தையும் மாற்றிக்கொள்கிறேன், அதையும் பயனர் அனுபவம் என்றுதான் வாதாட வந்திருந்தேன்.

அளவுகோல்

தேன்சிட்டு கேட்ட சராசரிக் கேள்வி பாக்கி இருக்கிறது. இதில் பலர் தடுக்கி விழுகிறார்கள், அதனால் சின்ன எண்களை வைத்துப் பார்ப்போம்.

அ என்ற கணினியில் முதல் சோதனை 1 நொடி, இரண்டாவது 100 நொடி. ஆ என்ற கணினியில் இரண்டும் 10 நொடி. அ-வை அடிப்படையாக வைத்து ஆ-வின் விகிதங்களைப் பாருங்கள்: 10, 0.1. சாதாரணச் சராசரி 5.05, அதாவது ஆ ஐந்து மடங்கு மெதுவு. இப்போது ஆ-வை அடிப்படையாக வையுங்கள், அ-வின் விகிதங்கள் 0.1, 10, சராசரி அதே 5.05, இப்போது அ ஐந்து மடங்கு மெதுவு! ஒரே நான்கு எண்களிலிருந்து நேர் எதிரான இரண்டு முடிவுகள். விகிதங்களுக்குச் சாதாரணச் சராசரி எடுக்கக் கூடாது என்று ஃப்ளெமிங்கும் வாலஸும் 1986-லேயே எழுதினார்கள், எண்களைப் பெருக்கி மூலம் எடுக்கும் பெருக்குச் சராசரிதான் எடுக்க வேண்டும் என்றார்கள். எதை அடிப்படையாக வைத்தாலும் அது மாறாது, இங்கே இரண்டு பக்கமும் 1 வரும். 1988-இல் தொடங்கிய ஸ்பெக் அமைப்பும் தன் சிபியூ சோதனைகளுக்கு அதைத்தான் பயன்படுத்துகிறது.

ஆனால் என் கருத்து என்னவென்றால் உங்களுக்கு அதுவும் வேண்டாம். பெருக்குச் சராசரி “இரண்டும் சமம்” என்கிறது. இரண்டு சோதனையையும் தினமும் ஒருமுறை ஓட்டும் ஒரு மனிதருக்கு அ-வில் 101 நொடி, ஆ-வில் 20 நொடி. அவரிடம் போய் சமம் என்று சொல்ல முடியுமா? உங்கள் கருவியை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும், அதே கலவையில் வேலையை வைத்து மொத்த நேரத்தைச் சொல்லுங்கள். நொடி என்பது எல்லோருக்கும் புரியும் அலகு.

வரிசை64

ஒற்றை மதிப்பெண் வேண்டாம் என்பதற்கு என் ஓட்டும். 1984-இல் வந்த ட்ரைஸ்டோன் என்ற வேகச் சோதனை நிரலின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். வாக்ஸ் 11/780 என்ற கணினி நொடிக்கு 1757 முறை அதை ஓட்டியது, அந்த 1757-ஐ “ஒரு மிப்ஸ்” (நொடிக்குப் பத்து லட்சம் கட்டளை) என்று வைத்து உலகமே எல்லாக் கணினியையும் வகுத்துப் பார்த்தது. நிரல் சின்னது, அதிலும் நேரத்தில் கணிசமான பங்கு ஸ்ட்ரிங் நகலெடுப்பதிலும் ஒப்பிடுவதிலும் போனது. கம்பைலர் எழுதியவர்கள் அந்த இடங்களைக் கூர்மையாக்கினார்கள், மதிப்பெண் ஏறியது, மற்ற நிரல்கள் அதே அளவுக்கு வேகமாகவில்லை. 2013-இல் சில கைபேசிகள், பெஞ்ச்மார்க் செயலி ஓடுகிறது என்று பெயரைப் பார்த்துக் கண்டுகொண்டு ப்ராசஸரை முழு வேகத்தில் ஓட்டியது வெளியே வந்தது. ஒரே எண்ணுக்குப் பரிசு என்று வைத்தால் எல்லோரும் அந்த எண்ணைத்தான் துரத்துவார்கள்.

அப்புறம் 15 முறை ஓட்டினீர்கள், நல்லது, எந்த வரிசையில்? மேக்கில் 15-ஐயும் ஒரே மூச்சில் ஓட்டினால் பிந்தையவை சூட்டில் ஓடுகின்றன, அதுவும் விசிறி இல்லாத லேப்டாப் என்றால் சொல்லவே வேண்டாம். பழைய பதிப்பு, புதிய பதிப்பு என்று ஒப்பிடும்போது இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டுங்கள், அப்போதுதான் சூடு இருவருக்கும் சமமாகப் போய்ச் சேரும். நடு மதிப்போடு மிகக் குறைந்ததையும் மிக அதிகமானதையும் எழுதுங்கள்.

இரண்டு மூன்று சதவீத வித்தியாசத்துக்கு மகிழ்ச்சியோ வருத்தமோ படாதீர்கள். மிட்கோவிச் முதலானோர் 2009-இல் காட்டியது இது: என்விரான்மென்ட் வேரியபிள்களின் மொத்த அளவு மாறினாலே ஸ்டாக் தொடங்கும் முகவரி நகர்ந்து அதே நிரலின் நேரம் மாறுகிறது, கோப்புகளை லிங்க் செய்யும் வரிசை மாறினாலும் மாறுகிறது. நிரலில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

தேன்சிட்டு

ஒரு வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். நிரலையே மாற்றிவிட்டேன். சொற்களை எல்லாம் ஒரே பெரிய பஃபரில் அடுக்கி, அட்டவணையில் ஸ்ட்ரிங் வியூவை (எழுத்துகளை நகலெடுக்காமல் அவை இருக்கும் இடத்தை மட்டும் சுட்டுவது) மட்டும் வைத்தேன், தேடும்போது புது ஸ்ட்ரிங் உருவாவதே இல்லை. (சாவியை ஸ்ட்ரிங்காகவே விட்டு வியூவால் தேடவும் வழி உண்டு, ஆனால் அன்ஆர்டர்டு மேப்பில் அது சி++20 இல்தான் வந்தது, நான் இன்னும் 17 இல் இருக்கிறேன்.)

பழையதும் புதியதும் மாற்றி மாற்றி 15 முறை, நடு மதிப்பு, எண்ணும் பகுதி மட்டும். லினக்ஸ் 3.3 இலிருந்து 1.6. விண்டோஸ் 3.9 இலிருந்து 1.9. மேக் 1.7 இலிருந்து 1.3. நீளவாரியான வரைபடத்தில் படியே இல்லை, மூன்று கோடுகளும் மெல்லச் சாய்ந்து போகின்றன.

சரிபார்ப்பையும் நிரலுக்குள்ளேயே வைத்துவிட்டேன்: கடைசி அட்டவணையைச் சொல்லின் ஹாஷ் மதிப்பு வரிசையில்தான் எழுதுகிறேன், அந்தக் கோப்பின் ஷா256 பொருந்தாவிட்டால் நேரத்தை அச்சிடாது. மூன்றிலும் பொருந்துகிறது. ஏஆர்எம் வகை ப்ராசஸரில் லினக்ஸ் வைத்திருப்பவர் யாராவது ஓட்டிப் பார்க்க முடியுமா?

கடைசிபிட்

என்னிடம் ஒரு ஏஆர்எம் சர்வர் இருக்கிறது, ஓட்டினேன். உள்ளீட்டுக் கோப்பின் ஷா256 சரி. சொற்களின் எண்ணிக்கையும் சரி. வெளியீட்டுக் கோப்பின் ஷா256 பொருந்தவில்லை, அதனால் நேரத்தைக் காட்ட மறுக்கிறது. மேக்கும் ஏஆர்எம்தான், அங்கே பொருந்தியது என்கிறீர்கள். ஹாஷ் நீங்களே எழுதியதா?

தேன்சிட்டு

நானே எழுதியதுதான். 64 பிட் எண், ஒவ்வொரு பைட்டுக்கும் 31-ஆல் பெருக்கி அடுத்த கேரை (சி++ இன் ஒரு பைட் வகை) கூட்டுவது. வேறு ஒன்றும் இல்லை.

வரிசை64

அந்தக் கேர்தான். கேருக்குக் குறி உண்டா (மைனஸ் எண் ஆகலாமா) இல்லையா என்பதைச் சி++ தளத்திடமே விட்டுவிட்டது. எக்ஸ்86 லினக்ஸிலும் விண்டோஸிலும் குறி உண்டு. ஏஆர்எம் லினக்ஸில் இயல்பாகக் குறி இல்லை. ஆப்பிள் தன் ஏஆர்எம்மில் குறி உள்ளதாகவே வைத்திருக்கிறது, அதனால்தான் மேக்கில் பொருந்தியது. ஆங்கில எழுத்துகள் எல்லாம் 128-க்குக் கீழே, அவற்றில் இது தெரியவே தெரியாது. தமிழில் ஒவ்வொரு பைட்டும் 128 அல்லது அதற்கு மேலே. மூன்று கணினியில் மைனஸ் எண்ணாகக் கூட்டுகிறீர்கள், நான்காவதில் பிளஸ்ஸாக.

தேன்சிட்டு

அன்சைன்டு கேர் (குறியில்லாத கேர்) என்று ஒரு இடத்தில் மாற்றினேன். புதிய பில்டும் புதிய ஷா256-உம் மேலே போட்டிருக்கிறேன், பழைய அட்டவணைக் கோப்புகளைப் படிக்க கோப்பின் தலைப்பில் பதிப்பு எண்ணையும் ஏற்றிவிட்டேன். நேரம் அளக்கப் போய் இது கிடைத்ததில் உண்மையிலேயே நிம்மதி. இல்லாவிட்டால் எக்ஸ்86 இல் எழுதிய அட்டவணையை ஏஆர்எம் சர்வரில் திறந்து ஒரு சொல்லைத் தேடினால் “இல்லை” என்றே வந்திருக்கும், பிழைச் செய்தியும் இருந்திருக்காது.

கடைசிபிட்

இப்போது பொருந்துகிறது. எண்ண 2.2, எழுத 0.5, 15 முறையில் குறைந்தது 2.1, அதிகம் 2.3. மெமரி பக்க அளவு இந்தக் கெர்னலில் 64 கேபி, அதையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். 4 கேபி கெர்னலில் ஓட்டுபவருக்கு வேறு எண் வந்தால் எங்கே தேடுவது என்று தெரியும்.